சூடேறும்வரை கடகடக்கும் எஞ்சின்

ஜொகூரில், தம்போயில் நான் வேலை பார்த்த பட்டறைக்குச் சமீபத்தில் ஒரு மின்சாரப் படகு வந்திருந்தது. "அக்கா, வந்து பாருங்க" என்று இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனேன். மூடியைத் திறந்தால் உள்ளே பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிராங்க் இல்லை. டிபன் பெட்டிகளை அடுக்கியதுபோல் பேட்டரிகள்தான் இருந்தன. "இனிமே உங்க வேலைக்கு வேலையே இல்லக்கா" என்றார் ஒருவர். "அதான் நான் முந்திக்கிட்டு ரிட்டையர் ஆயிட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். இன்னொருவர் கேட்டார், "அப்படி வருசக்கணக்கா எஞ்சின் சாமான்ல என்னக்கா தேர்ந்தெடுத்தீங்க? கேட்லாக்கப் பார்த்து ஆர்டர் போட வேண்டியதுதானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, பழைய வாடிக்கையாளர் வேலாயுதம் அண்ணன் ஞாபகம் வந்து கோபம் போய்விட்டது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் விமலா. கூலாய் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் செனாயில் ஒரு தொழிற்சாலை. இரும்பு உருளைகளை அளந்து நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போடும் வேலை. அளந்த சாமான் எந்த ஊருக்குப் போகிறது, எதற்குள் உட்காருகிறது என்று கேட்டால் மேலாளருக்கே தெரியாது. கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்த பிறகு, தம்போயில் வேகப் படகுகளுக்கு எஞ்சின் கட்டும் பட்டறை ஒன்றில் அளக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "ஏசியில உட்கார்ந்திருக்கிற வேலையை விட்டுட்டு கிரீஸ்ல போய் விழப்போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆமாம், விழுந்தேன். விழுந்த இடத்திலும் ஏசி இருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

பட்டறை முதலாளி காதர் பாய். அவர் அப்பா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். உறவுக்காரர்கள் எல்லாம் சாப்பாட்டுக் கடை வைக்க, இவர் ஒருவர் மட்டும் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று அவரே சொல்வார். நான் பார்த்த மேலதிகாரிகளில் ஒருமுறைகூட "தப்பு" என்று சொல்லாத மனிதர் அவர்தான். நாம் செய்தது சரியில்லை என்றால், "அப்படியா?" என்பார். பிறகு தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். தேத்தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் நாமே தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு தேத்தண்ணீர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சர்க்கரை நோய் வராமல் போனது என் குலதெய்வத்தின் புண்ணியம்.

ஓர் எஞ்சினுக்கு வேண்டிய உள் சாமான்களை எல்லாம் அளப்பதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஏசி அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வெயிலில் கிடந்த லாரியிலிருந்து இறக்கிய பிஸ்டன் ஓர் அளவு காட்டும்; அலமாரியில் இருந்த சிலிண்டர் வேறொரு அளவு காட்டும். இரண்டையும் ஒரே குளிரில் தூங்க வைத்துவிட்டு, காலையில் எழுப்பி அளக்க வேண்டும். அளக்கும்போது சாமானை உள்ளங்கையில் பிடிக்கக் கூடாது, கைச்சூடு ஏறிவிடும். பேரிங்குகளை வைத்துக் கிராங்கை இறுக்கிய பிறகு, இரண்டு விரலால் சுற்றினால் அது சுற்ற வேண்டும். மூன்றாவது விரல் தேவைப்பட்டால், "அப்படியா?"

தேர்ந்தெடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. "உள்ள போடுறத வெளியிலேர்ந்து ஆரம்பிக்கணும் தங்கச்சி" என்பார். படகு எவ்வளவு கனம், ஓட்டுகிறவர் யார், எந்தத் தண்ணீர் என்று முதலில் கேட்பார். அதற்கேற்ற விசிறி, அதாவது தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லர். அந்த விசிறியைச் சுற்ற எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது அடுத்தது. அந்த வேகத்துக்குத் தாங்கும் வால்வு ஸ்பிரிங், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு, கடைசியில் பிஸ்டன். கேட்லாக்கில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். காரில் இருப்பதையே கொஞ்சம் பெரிதாக வாங்கிப் போட்டால் படகு ஓடும் என்று நினைத்து வந்தவர்களின் எஞ்சின்கள் எங்கள் பின்கட்டில் நிறையக் கிடந்தன. கார் மேட்டில் ஏறும், பிறகு இறங்கும், சிக்னலில் நிற்கும். வேகப் படகுக்கு இறக்கமே கிடையாது. கிளம்பியதிலிருந்து முடியும்வரை மேடுதான். போதாததற்கு, அலையில் துள்ளி விசிறி தண்ணீரை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும். மறுகணம் தண்ணீரில் விழுந்து அறை வாங்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானும் அந்த அறையை வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இனி வேலாயுதம் அண்ணன் கதை.

அவர் கூலாயில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர். ஓட்டுநராகத் தொடங்கி முதலாளி ஆனவர். ஒரே மகள் திலகா. அப்பாவின் அலுவலகத்தில் எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யார் யாருடைய படகிலோ பந்தயம் ஓட்டுவாள், நன்றாகவும் ஓட்டுவாள். சொந்தப் படகு வேண்டும் என்று நச்சரித்து நச்சரித்து அப்பாவைப் பட்டறைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அண்ணன் எங்கள் எல்லோரையும் சாட்சி வைத்துக்கொண்டு பேசினார். "ஒரே ஒரு பந்தயம். உன் போட்டு நடுத்தண்ணியில மக்கர் பண்ணி நின்னுச்சுன்னா, அதோட முடிஞ்சது. வித்துட்டு ஆபீஸோட இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்பா" என்றாள் திலகா, கண் இமைக்காமல். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, என் தலையெழுத்து உங்க கையில" என்று மெதுவாகச் சொன்னாள்.

பிஸ்டன் விஷயத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அடித்துச் செய்த அலுமினியத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சூட்டில் அதிகம் பெருக்காது. சிலிண்டருக்குள் இறுக்கமாக உட்காரும், சத்தமே போடாது. ஆனால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். மற்றது எவ்வளவு அடித்தாலும் தாங்கும்; ஆனால் சூட்டில் நன்றாகப் பெருக்கும். அது பெருக்க இடம் வேண்டும் என்பதால் தளர்வாகத்தான் பொருத்த வேண்டும். அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கடகடவென்று ஆடும், சூடேறியதும் அடங்கிவிடும். திலகா அலை மேல் அலையாகத் துள்ளி ஓட்டுகிற பெண். நான் அடி தாங்குவதையே எடுத்தேன். பாய் மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். தேத்தண்ணீர் போடப் போகவில்லை. எனக்கு அதுவே பாராட்டு.

முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பும் நாள் சின்னத் திருவிழா மாதிரி இருந்தது. அண்ணன் உறவுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தேங்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்க வேண்டுமே, படகுக்கு ஏது சக்கரம்? கொஞ்ச நேரம் எல்லோரும் விழித்தோம். கடைசியில் படகு ஏற்றி வந்த டிரெய்லரின் சக்கரத்துக்கடியில் வைத்து ஒப்பேற்றினோம். பாய் தம் பங்குக்கு பிஸ்மில்லா சொன்னார். குளிர்விக்கும் தண்ணீருக்குக் குழாயைச் செருகி, திலகா சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் கிளம்பியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கடகடவென்று சத்தம்.

அண்ணனின் முகம் தொங்கிப் போயிற்று. "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்தினார். உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அலமாக்! என் லாரி இப்படிச் சத்தம் போட்டா அன்னிக்கே எஞ்சினை இறக்கிடுவேன். புது எஞ்சின்லா இது! செத்துப்போன எஞ்சின் மாதிரி கெடந்து அடிச்சிக்குது!"

"அண்ணே, இது அப்படித்தான். சூடானா அடங்கிடும், கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"நான் வயித்துப் பொழப்பே எஞ்சின் சத்தத்துல நடத்துனவன் தங்கச்சி. எனக்கேவா? இந்தச் சத்தம் போகணும். இறுக்கமான பிஸ்டன் போடுங்க. இல்லன்னா இந்தப் போட்டு தண்ணியில இறங்காது."

எனக்கும் நாக்கு நீளம். "லாரி ஓட்டுனவங்க எல்லாம் போட்டு எஞ்சின் கட்டலாம்னா நான் எதுக்கு இங்க?" என்று கேட்டுவிட்டேன். திலகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாய் சண்டைக்கு நடுவில் வந்து, "அப்படியா?" என்றார், எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்து. பிறகு அடுப்படிக்குப் போனார். இப்போதுமா தேத்தண்ணீர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் கொண்டுவந்தது கொதிக்கும் தண்ணீரோடு பெரிய கெட்டில். அதே அளவில் சிலிண்டர் கடைந்த இன்னொரு எஞ்சின் கூடு பட்டறையில் இருந்தது. அதைச் சுற்றிக் குழாய்த் தண்ணீரை ஓட விட்டார். பிறகு இறுக்கமான பிஸ்டன் ஒன்றையும் என் தளர்வான பிஸ்டன் ஒன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து, அண்ணன் கையாலேயே சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் போய் வந்தன. என்னுடையது கொஞ்சம் ஆடியது. "பாத்தீங்களா, ஆடுது!" என்றார் அண்ணன்.

"இப்ப குளிக்க வைப்போம்" என்று பாய் இரண்டையும் கெட்டிலுக்குள் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, அண்ணன் இறுக்கமான பிஸ்டனைத் துணியால் பிடித்து எடுத்துச் சிலிண்டரில் அழுத்தினார். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், உள்ளங்கையால் அழுத்தினார். வாயிலேயே நின்றுவிட்டது. என்னுடையதை எடுத்து வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"உங்க லாரியில எஞ்சின் கூடும் சூடாகும், பிஸ்டனும் சூடாகும். ரெண்டும் சேர்ந்து பெருக்கும்" என்றார் பாய். "இங்க பிஸ்டன் நெருப்புல நிக்குது. கூட்டைச் சுத்திக் குளிர்ந்த கடல் தண்ணி ஓடுது. ஒண்ணு பெருக்கும், இன்னொண்ணு பெருக்காது. இறுக்கமா போட்டா நடுத்தண்ணியில பிடிச்சுக்கும் பாஸ்."

அண்ணன் அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"புரியுது பாய். எல்லாம் புரியுது" என்றார், குரல் இறங்கி. "ஆனா நல்ல எஞ்சினே இப்படிக் கத்துனா, கெட்டுப்போறப்ப எனக்கு எப்படித் தெரியும்? நான் ரோட்டுல உசிரோட இருந்தது காதாலதான். அவ அந்த வேகத்துல போறப்ப, கரையில நின்னு என்னால வேற என்ன செய்ய முடியும்?"

அதுவரை இந்த மனிதர் வீம்புக்குப் பேசுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மகளைத் தண்ணீரில் அனுப்பிவிட்டு நிற்கப்போகும் அப்பாவுக்குக் காது ஒன்றுதான் மிச்சம். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"அப்ப காதைப் பழக்கிக்கங்க" என்றார் பாய்.

பழக்கினார். அதன்பிறகு தினமும் காலையில் கூலாயிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்துவிடுவார். கையில் எங்களுக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்கள், இடுப்பில் நீளமான ஸ்க்ரூடிரைவர். அதன் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். குளிரில் கிளப்புவேன், சூடேறும்வரை கேட்பார், அணைக்கச் சொல்வார். "இப்ப அடங்குச்சு பாரு" என்று எனக்கே சொல்லிக் காட்டுவார். பந்தயம் வருவதற்குள் என் சட்டை எல்லாம் எனக்கு இறுக்கமாகிவிட்டது. அத்தனை நாசி லெமாக்.

பந்தயம் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தில். காலையில் இரண்டு ஓட்டம், சாப்பாட்டுக்குப் பின் இறுதி ஓட்டம். திலகா முதலில் எஞ்சினைக் கிளப்பியபோது பக்கத்துப் படகின் சீன மெக்கானிக் ஓடி வந்து, "பாஸ், எஞ்சின் ஹாபிஸ் லா!" என்றார். எஞ்சின் முடிந்துபோயிற்றாம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "பெலும் பானாஸ்" என்றார், இன்னும் சூடாகவில்லை என்று. ஏதோ பிறந்ததிலிருந்து அந்த எஞ்சினோடு வளர்ந்தவர் மாதிரி. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் ஓட்டம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் திலகா இன்னும் வேகமாகப் போனாள். படகு துள்ளித் துள்ளி விழுந்தது. இறுதிக்குத் தேர்வாகிவிட்டாள். கையை ஆட்டிக்கொண்டே கரைக்கு வந்தாள். நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் தட்டவில்லை.

"நிப்பாட்டாத. ஓடட்டும்" என்று படகில் இறங்கினார். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். "சூடா இருக்கு. ஆனா சத்தம் போடுது" என்றார்.

நானும் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"டிக் டிக்னு. பிஸ்டன் இல்ல. மேல, வால்வு பக்கம். திறந்து பாரு விமலா."

திறந்தால் திரும்ப மூடி இறுதி ஓட்டத்துக்குள் தயாராக முடியுமா என்பது சந்தேகம். போக முடியாமல், அதையும் அப்பா மக்கர் என்று கணக்கு வைத்தால், எல்லாம் அன்றோடு முடிந்தது. திலகா தலைக்கவசத்தைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. "அப்பா, வேணும்னே செய்றீங்களா? நான் ஓட்டக்கூடாதுன்னுதானே?"

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கேள்வி அவரை எப்படித் தைத்தது என்று எனக்குத் தெரிந்தது. நான் பாயைப் பார்த்தேன். "அப்படியா?" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீர்க் கடைப் பக்கம் நடையைக் கட்டினார். வந்த கோபத்துக்கு அவர் முதுகில் ஸ்பேனரை எறிந்திருப்பேன். ஆனால் அவர் போனதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். முடிவு என்னுடையது.

என் காதுக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. தினம் தினம் அந்த எஞ்சினைக் கேட்டுப் பழகியது அண்ணனின் காது, என் காது இல்லையே. திலகாவிடம், "அம்மாடி, கோபத்தை அப்புறம் வச்சுக்க. சாவியைக் குடு" என்றேன். வால்வு மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு வால்விலும் ஸ்பிரிங் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் உள் ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடந்தது. வெளி ஸ்பிரிங் மட்டும் தன்னந்தனியாக வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தது. இறுதி ஓட்டத்தில் அதுவும் போயிருந்தால் வால்வு பிஸ்டன்மேல் விழுந்து, அந்த வேகத்தில் எஞ்சின் வெடித்திருக்கும்.

திலகா எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "அழுவுறதுக்கு இப்ப நேரமில்ல. கயிறு எங்க?" என்றார்.

கயிறு எதற்கு என்று கேட்பீர்கள். வால்வைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங்தான். அதை எடுத்தால் வால்வு உள்ளே விழுந்துவிடும். அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் படகின் நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, கிராங்கைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே தள்ள வேண்டும். சுருண்ட கயிறு மெத்தைபோல் வால்வைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். அண்ணன் கயிற்றை ஊட்ட, திலகா கிராங்கைச் சுற்ற, நான் ஸ்பிரிங்கை மாற்றினேன். பாய் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய தேத்தண்ணீரோடு வந்து, மூவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மூடியைப் பூட்டிக் கிளப்பினேன். அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"போம்மா" என்றார்.

திலகா ஜெயிக்கவில்லை. நான்காவதாக வந்தாள். ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல், கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு வந்தாள். கரை ஏறியதும் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். கோப்பை இல்லாத வெறுங்கை. நடுத்தண்ணீரில் நிற்கவில்லை என்பது சரிதான். ஆனால் கரையில் எஞ்சினைத் திறந்தாயிற்றே, அது மக்கர் கணக்கில் சேருமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் தலைக்கவசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "விமலா, அந்த ஸ்பிரிங் எல்லாத்தையும் மாத்திடு. அடுத்த பந்தயத்துக்கு இன்னும் கொஞ்சம் கெட்டியா பாத்துப் போடு."

"அடுத்த பந்தயமாப்பா?" என்றாள் திலகா.

"பின்ன என்ன?" என்று அவள் பக்கம் திரும்பினார். "விடிஞ்சும் விடியாம கூலாயிலேர்ந்து ஓடி வந்து உன் எஞ்சின் பேசுறதைப் பழகுனேனே, அது ஒரு பந்தயத்துக்கா?"